சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்கு எந்த நாய் பொருந்தும்: ஹஸ்கியா, ராஜபாளையமா, லேப்ரடாரா?

மேடவாக்கம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீட்டில் வசிக்கிறோம். நானும் என் கணவரும் காலை எட்டரை மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஏழு மணி ஆகிவிடும். பகல் முழுவதும் என் மாமியார் வீட்டில் இருப்பார். அவருக்கு 68 வயது; மூட்டு வலி இருப்பதால் நாய்க்குச் சோறு வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் முடியுமே தவிர, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நடக்க முடியாது. மகனுக்கு ஒன்பது வயது.

நாய் வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். எந்த நாய் என்பதில்தான் வீட்டுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நீல நிறக் கண்களைக் காணொளிகளில் பார்த்துப் பார்த்து, மகன் ஹஸ்கிதான் வேண்டும் என்கிறான். கணவரின் சொந்த ஊர் சிவகாசிப் பக்கம் என்பதால், ராஜபாளையம் நாயைத் தவிர வேறெதுவும் நாயே இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். குழந்தை இருக்கும் வீட்டுக்கு லேப்ரடார்தான் ஏற்றது என்று அலுவலகத் தோழிகள் சொல்வதால் எனக்கு அதன்மீது ஒரு சாய்வு இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அரை மணி நேரமும், இரவு எட்டு மணிக்குப் பிறகு அரை மணி நேரமும் எங்களில் ஒருவர் நிச்சயமாக நடத்திச் செல்ல முடியும். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குச் செல்வோம். வளர்த்து அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), வேப்பேரி:

அம்மா, பெரும்பாலோர் இனத்தின் பெயரை மட்டும் எழுதி ‘வாங்கலாமா’ என்று கேட்பார்கள். நீங்கள் வீட்டின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேர நடையையும், கயிறு பிடிக்க இயலாத பெரியவரையும், சென்னையின் வெயிலையும் வைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும்.

முதலில் வெயில். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே உள்ளன. நாக்கை நீட்டி வேகமாக மூச்சிரைத்து, வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. சென்னையின் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருப்பதால், வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தொடுவதற்கு முன்பே அந்த வழி சரியாக வேலை செய்யாமல் போகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை; அது 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதடையத் தொடங்கும்.

ஹஸ்கி, சைபீரியாவின் உறைபனியில் நெடுந்தொலைவு சறுக்குவண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட நாய். அதற்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. கோடையில் மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் செய்வது தோலை வெயிலுக்குத் திறந்துவிடுகிறதே தவிர, பெரிதாக உதவுவதில்லை. குளிர்சாதன அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஓடுவதற்கென்றே உருவான ஒரு விலங்கை ஆண்டில் எட்டு மாதம் ஓர் அறைக்குள் அடைப்பது நியாயமாகாது. ஓட்டம் கிடைக்காத ஹஸ்கி ஊளையிடும், சோபாவைக் கிழிக்கும், கதவு திறந்த கணத்தில் வெளியே பாய்ந்துவிடும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று இனப்பெருக்கம் தடுக்கப்பட்ட இனங்களுள் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் பக்கும் இடம்பெற்றிருந்தன. மகனிடம் இதை மறைக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு, ஒரு நாய் துன்பப்படும் என்பது நன்றாகவே புரியும்.

அடுக்குமாடி வீடு என்றால் சிறிய நாய் போதும் என்று பக்கை யாரேனும் பரிந்துரைக்கக் கூடும் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் வந்த ஓர் அலைபேசி விளம்பரத்துக்குப் பிறகு அந்தச் சப்பை மூக்கு நாய் நம் நகரங்களில் பெருகியது. முகம் குறுகினாலும் உள்ளே இருக்கும் மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்க மென்பகுதி, குறுகுவதில்லை; மூக்குத் துளைகளும் இடுங்கியிருக்கும். மூச்சிரைத்துக் குளிர வேண்டிய விலங்குக்கு மூச்சுப்பாதையே அடைபட்டிருந்தால் மே மாதத்தில் என்ன ஆகும் என்பதைச் சிகிச்சை மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் குறட்டையை அழகு என்று படம் பிடிக்கிறார்கள். அது மூச்சுத் திணறல்.

இரண்டாவது, அந்த இனத்தை மனிதர்கள் எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்பது. பீகிள் முயல் வேட்டைக்காக மோப்பம் பிடித்து ஓடிய நாய். தரையில் ஒரு வாசனை கிடைத்துவிட்டால் நீங்கள் அழைப்பது அதன் காதில் ஏறாது, குரலும் அடுத்த கட்டடம் வரை கேட்கும். ஜெர்மன் ஷெப்பர்டு ஆட்டு மந்தை காத்த நாய்; மூளைக்கு வேலை தராவிட்டால் தானாக ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அது பெரும்பாலும் உங்களுக்குப் பிடிக்காத வேலையாக இருக்கும். டாபர்மேன் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் காவலுக்கென்றே உருவாக்கப்பட்டது. இந்த இயல்புகள் எவையும் குறைகள் ஆகமாட்டா. உங்கள் வீட்டில் அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

உங்கள் நிலைமையில் லேப்ரடாரை நான் மறுக்கவில்லை, தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அதைவிட நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ், ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இங்கு வளர்ந்து இந்த வெயிலுக்குப் பழகியது, ஓரளவு பொருந்தும். ஆனால் அழைப்புமணி ஒலிக்கும்போதெல்லாம் விடாமல் குரைக்கும். நெருங்கிய சுவர்களுக்கு நடுவே அதுவும் ஒரு பிரச்சினையாகலாம்.

கரிசல்காட்டான்:

உங்கள் கணவரின் எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன், சகோதரி. எங்கள் குடும்பத்தில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தலைமுறைகளாக இருந்து வருகின்றன. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அவற்றுள் ராஜபாளையமும் ஒன்றாக இருந்தது எங்கள் ஊரில் ஒரு திருவிழாச் செய்தி. 2020-இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் முறையாகப் பதிவு செய்தது. இந்த இனங்கள் பல வீடுகளில் வளர்ந்தால்தான் அழியாமல் இருக்கும் என்று விரும்புகிறவன் நான். அப்படியிருந்தும் மூன்றாம் தளத்து இரண்டு அறை வீட்டுக்கு ராஜபாளையம் வேண்டாம் என்றே சொல்வேன்.

ராஜபாளையம் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் நின்ற நாய். ஒரு தோட்டத்தையும் அதன் எல்லையையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, எல்லைக்குள் வரும் புதியவரை நிறுத்துவது அதன் இரத்தத்தில் இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் அந்த எல்லை எது? வாசற்கதவா, நடைபாதையா, லிஃப்டா? நாள்தோறும் பால் போடுபவர், உணவு கொண்டு வருபவர், பொட்டலம் தருபவர், எதிர்வீட்டுக் குழந்தைகள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அத்தனை பேரையும் அது கணக்கில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பதற்றத்தில் இருக்கும். வீட்டில் ஒருவரோடு மட்டும் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் போக்கும் இதற்கு உண்டு. அந்த ஒருவர் உங்கள் கணவராக இருந்து, அவர் பகல் முழுவதும் அலுவலகத்தில் இருந்தால், அந்தப் பொழுதில் அதைச் சொற்படி நடக்க வைப்பது மூட்டு வலி உள்ள உங்கள் மாமியாரால் ஆகக்கூடிய செயலா என்பதை யோசியுங்கள். தோள் வரையிலான உயரம் 65 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் நாய் அது.

இன்னொன்றையும் ஊர்ப்பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் உயர்ந்த தரம் என்று தேடித் தேடி நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்ததால், பிறவிச் செவிடு இந்த இனத்தில் அதிகம் காணப்படுகிறது. நிறமி இல்லாத தோல் வெயிலில் எளிதில் புண்படும். குட்டி வாங்கப் போகும் யாராக இருந்தாலும், மற்றக் குட்டிகளிடமிருந்து அதைத் தனியே பிரித்து, அது பார்க்காத பக்கத்திலிருந்து ஒலி எழுப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கூட்டத்தில் இருக்கும்போது செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். நமக்குத் தெரியாமலே போய்விடும்.

சிப்பிப்பாறை பற்றி உங்கள் கணவர் அடுத்துக் கேட்பார் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். குட்டை முடி, மெலிந்த உடல், வெயிலைத் தாங்கும் வலிமை, வீட்டுக்குள் அமைதியாகப் படுத்திருக்கும் இயல்பு என்று கேட்பதற்கு எல்லாம் பொருந்துவதுபோலவே இருக்கும். ஆனால் அது கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் நாய். வேலி போட்ட திறந்த வெளியில் கயிறில்லாமல் பாய்ந்து ஓடும் நேரம் அதற்கு வேண்டும். மேடவாக்கம் தெருவில் பூனை ஒன்று குறுக்கே போனால், மகன் கையில் இருக்கும் கயிறு நொடியில் பறந்துவிடும், அதன் பின்னால் போக்குவரத்து இருக்கிறது. சுற்றுச்சுவரும் மண் தரையும் உள்ள வீடு என்றைக்காவது உங்களுக்கு அமைந்தால் உங்கள் கணவரோடு சேர்ந்து நானே நல்ல குட்டியைத் தேடித் தருவேன்.

தாம்பரம் தந்தை:

மருத்துவர் ஐயா லேப்ரடாரைத் தயக்கத்தோடு சொன்னார். நான் அதைச் சற்று உறுதியாகவே சொல்ல விரும்புகிறேன். நாங்களும் இரண்டாம் தளத்தில்தான் இருக்கிறோம், எங்கள் லேப் ஏழு ஆண்டுகளாக நலமாக இருக்கிறது. குழந்தைகளிடம் அது காட்டும் பொறுமைக்கு ஈடு இல்லை. நியூபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு வலையும் மீனும் மீட்டுக் கொண்டுவந்த நாய் என்பதால், மனிதனோடு சேர்ந்து வேலை செய்வதில் அதற்கு இயல்பாகவே மகிழ்ச்சி; பந்தை எறிந்தால் கொண்டு வந்து தருவதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆயினும் சகோதரியின் வீட்டில் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது எடை. வளர்ந்த லேப் 25 முதல் 36 கிலோ வரை இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் அது தன் எடையை அறியாத குட்டிபோலவே பாயும். மூட்டு வலி உள்ள பெரியவர் மீது அன்பினால் ஒருமுறை மோதினாலும் இடுப்பு எலும்பு முறியக்கூடும். இரண்டாவது பசி. எவ்வளவு தின்றாலும் இன்னும் கேட்கும் இனம் இது. பாசத்தில் பாட்டி ஒரு கவளம், பேரன் ஒரு பிஸ்கட் என்று கொடுத்தால் ஓராண்டில் பருத்துவிடும், ஏற்கெனவே இடுப்பு மூட்டுக் கோளாறு வர வாய்ப்புள்ள இனத்துக்கு அந்த எடை பெருந்தீங்கு. மூன்றாவது முடி. நாள்தோறும் உதிரும். கூட்டிப் பெருக்கிய அரை மணி நேரத்தில் மின்விசிறிக்குக் கீழே மறுபடியும் சுருளும். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் நாயைத் திருப்பிக் கொடுத்த வீடுகளை நான் அறிவேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குட்டியாக வாங்கினால் முதல் மூன்று மாதங்கள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். அந்த வேலை உங்கள் மாமியார் தலையில்தான் விழும்.

தத்துக்கு உதவுபவள்:

இதுவரை எழுதப்பட்ட அனைத்தையும் படித்தபோது, எல்லாரும் ஒரு குட்டியைப் பற்றியே பேசுவதைக் கவனித்தேன். இந்த வீட்டுக்குப் பொருந்துவது இரண்டு அல்லது மூன்று வயதான, குணம் தெரிந்த ஒரு நாட்டு நாய் என்பது என் கருத்து.

குட்டியைப் பார்த்து அது வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இனத்தின் பெயர் ஒரு சாத்தியத்தை மட்டுமே காட்டும். வளர்ந்த நாயிடம் ஊகம் குறைவு. அது குழந்தைகள் அருகில் எப்படி நடந்துகொள்கிறது, கயிற்றை இழுக்கிறதா, தனியே விட்டால் அழுகிறதா, சாப்பிடும்போது யாராவது அருகில் வந்தால் உறுமுகிறதா என்பவற்றை நேரில் பார்த்து அறியலாம். பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த வெயிலிலேயே வாழ்ந்து தேர்ந்த உடல் என்பதால் நாட்டு நாய்க்குக் கோடை பெரிய சிக்கல் இல்லை, முடி குட்டை, எடை பெரும்பாலும் 15 முதல் 20 கிலோவுக்குள் அடங்கும். காலையும் இரவும் அரை மணி நேர நடை அதற்குப் போதும்.

எல்லா நாட்டு நாயும் வீட்டுக்குள் இருக்கப் பிரியப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவிலேயே வளர்ந்து, தனக்கென ஓர் இடமும் கூட்டமும் வைத்திருக்கும் நாயைக் கொண்டுவந்து மூன்றாம் தளத்தில் வைத்தால் அது வாடிப்போகும். விபத்தில் சிக்கி மீட்கப்பட்டுக் காப்பகத்தில் மனிதர்களோடு பழகியவை, குட்டிப் பருவத்திலேயே கைவிடப்பட்டு யாருடைய வீட்டிலாவது தற்காலிகமாக வளர்ந்தவை, வெளிநாடு செல்லும் குடும்பங்கள் விட்டுச் சென்றவை ஆகியவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேளச்சேரியில் உள்ள புளூ கிராஸ் விலங்குக் காப்பகம் உங்களுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. இப்படிக் காத்திருக்கும் நாய்களில், யாரோ ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி ஓராண்டில் கைவிட்ட லேப்ரடார்களும் இருக்கும் என்பதைத் தாம்பரம் அண்ணன் எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

மேடவாக்கம் வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். ஹஸ்கி துன்பப்படும் என்று கேட்டதும் மகன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு ‘வேண்டாம்’ என்று அவனே சொன்னான். கணவர் ராஜபாளையத்தைச் சொந்த ஊரில் வீடு கட்டும் காலத்துக்கு ஒத்திவைக்கச் சம்மதித்துவிட்டார். வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதில் அனைவருக்கும் விருப்பம் வந்திருக்கிறது. மூன்று ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. எங்கள் வீடு சைவம். மாமியார் தயிர்சாதம் கொடுக்கலாமா என்று கேட்கிறார். குடியிருப்போர் நலச் சங்கத்தில் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்கிறார்கள். தீபாவளிக்கு என்ன செய்வது?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), வேப்பேரி:

தயிர்சாதம் நஞ்சில்லை, ஓநாயைவிட நன்றாகவே நாயால் மாவுச்சத்தைச் செரிக்க முடியும். ஆனால் அதை மட்டுமே கொடுத்தால் புரதம் குறைந்து தசை இளைக்கும், முடி மங்கும். பொட்டலத்தில் வரும் முழுமையான நாய் உணவை முதன்மையாக வைத்துக்கொண்டு, அதனோடு சிறிது தயிர்சாதம் சேர்ப்பது நல்ல வழி. அதற்குச் சமையலறை ஆசாரம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வீட்டில் மிஞ்சும் சாம்பாரைக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சாக்லேட்டும் அப்படியே ஆபத்தானது என்பதை மகனிடம் சொல்லிவையுங்கள்.

சங்கத்தைப் பொறுத்தவரை, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மை வாக்கினால்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்யச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. லிஃப்டைப் பயன்படுத்துவதையும் மறுக்க இயலாது. பொது இடங்களில் கயிறு கட்டியே அழைத்துச் செல்வதும், கழிவைக் கையோடு எடுத்து அப்புறப்படுத்துவதும் உங்கள் கடமை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சியின் உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, லிஃப்டில் யாராவது அஞ்சினால் நீங்களே அடுத்த முறைக்குக் காத்திருந்தால், எதிர்ப்பு பெரும்பாலும் தானே தணிந்துவிடும்.

தீபாவளி நாட்களில் மாலை ஐந்து மணிக்குள் நடையை முடித்துவிட்டு, தெருவை ஒட்டாத உள் அறையில் சன்னல்களை மூடி, மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும்படி வைத்து, ஒருவர் அருகில் இருங்கள். மிகவும் நடுங்கும் நாயாக இருந்தால் ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உண்ணித் தடுப்பு மருந்தை மழைக்காலம், கோடைக்காலம் என்று பாராமல் ஆண்டு முழுவதும் கொடுத்து வாருங்கள். சென்னையில் நாய்களைப் படுக்கவைக்கும் காய்ச்சல்களில் பல உண்ணியினால் பரவுபவை.

தாம்பரம் தந்தை:

ஊருக்குச் செல்வது பற்றி யாரும் எழுதவில்லை. ரயிலில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் மட்டுமே நாய் உங்களோடு பயணம் செய்யலாம். இல்லையென்றால் பார்சல் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் ஏற்ற வேண்டும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொங்கலுக்கு முன்பே, நாயைப் பார்த்துக்கொள்ள அதற்குப் பழகிய ஒரு நண்பர் குடும்பத்தை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தத்துக்கு உதவுபவள்:

சகோதரி, காப்பகத்துக்கு மகனையும் மாமியாரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். மாமியார் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கட்டும். எந்த நாய் அவர் மேல் தாவாமல் அருகில் வந்து முகர்ந்து பார்த்து உட்காருகிறது என்று கவனியுங்கள். அன்றே எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் மீண்டும் வந்து, அதே நாயைக் கயிற்றில் பிடித்து, போக்குவரத்து உள்ள தெருவில் நீங்களும் கணவரும் தனித்தனியே நடத்திப் பாருங்கள். கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறதா, என்னென்ன தடுப்பூசிகள் எந்தத் தேதியில் போடப்பட்டன என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு அழைத்து வரும் முதல் வாரத்தில் உங்கள் இருவரில் ஒருவராவது விடுப்பு எடுக்க இயலும் மாதமாகப் பார்த்து வந்தால், நாய்க்கும் உங்கள் மாமியாருக்கும் அது மிகவும் உதவியாக இருக்கும்.